பக்கவாதம் வந்த அப்பாவுக்காக நாங்கள் முடிவெடுக்கலாமா?

கேள்வியின் சுருக்கம்: அப்பாவுக்கு 76 வயது, ஓய்வு பெற்ற ஆசிரியர். இரண்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு சரியாக வரவில்லை, மறதியும் இருக்கிறது. இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறார். மூக்கு வழியாகப் போட்ட குழாயில்தான் உணவு. அதைப் பிடுங்கிவிடுகிறார் என்று இரவில் இடது கையைக் கட்டிலோடு கட்டி வைக்கிறார்கள். வயிற்றில் துளை போட்டு நிரந்தரமாகக் குழாய் வைக்கலாம் என்கிறார் டாக்டர். அப்பா தலையை ஆட்டி மறுக்கிறார். ஊருக்குப் போக வேண்டும் என்று கை காட்டுகிறார். அண்ணனோ "அவருக்கு இப்ப என்ன தெரியும், நாமதான் முடிவு பண்ணணும்" என்கிறார். ஊர் வீட்டையும் இப்போதே எழுதி வாங்கிவிடலாம் என்கிறார். பிள்ளைகள் நாங்கள் அவருக்காக முடிவெடுக்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

பதில்:

இப்போதைக்குக் கூடாது. உங்கள் அப்பாவால் முடிவெடுக்க முடியாது என்று யாரும் சோதித்துப் பார்த்ததாக நீங்கள் எழுதியதில் எங்கேயும் இல்லை. அவரால் பேச முடியவில்லை, அவ்வளவுதான் தெரிகிறது. பேச முடியாமல் போவது வேறு, புரியாமல் போவது வேறு. பக்கவாத வார்டிலும் பிறகு வீட்டுப் பராமரிப்பிலும் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால் பெரியவர்கள் படும் பாட்டை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வலது பக்கம் விழுந்திருக்கிறது என்றால் பாதிப்பு மூளையின் இடது பக்கத்தில். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சுக்கான பகுதி அங்கேதான் இருக்கிறது. சொல்ல வேண்டியது மனதில் தெளிவாக இருக்கும், வாய்க்கு வராது. சிலருக்கு அடுத்தவர் பேசுவதைப் புரிந்துகொள்வதிலும் பாதிப்பு இருக்கும். உங்கள் அப்பா இதில் எந்த வகை என்பதை ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். விழுங்குவதைச் சோதிப்பவரும் பெரும்பாலும் அவர்தான். ஆகவே முதல் வேலை, ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்க்க எழுதிக் கொடுங்கள் என்று டாக்டரிடம் கேட்பது.

அதுவரை நீங்களே சில விஷயங்களைக் கவனிக்கலாம். இப்படிப்பட்டவர்களில் சிலருக்கு 'ஆமாம்', 'இல்லை' இரண்டும் மாறிப்போகும். மனதில் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே தலையை 'ஆமாம்' என்று ஆட்டிவிடுவார்கள். அதனால் ஒரே கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேளுங்கள். "ஊருக்குப் போகணுமாப்பா?" என்று கேட்டுவிட்டு, சற்று நேரம் கழித்து, "இங்கேயே அண்ணன் வீட்டில இருக்கீங்களா?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் 'ஆமாம்' வந்தால் அந்தப் பதிலை எடுத்துக்கொள்ளக் கூடாது, வேறு வழி தேட வேண்டும். ஊர் வீட்டின் படம் ஒன்று, அண்ணன் வீட்டின் படம் ஒன்று, இரண்டையும் முன்னால் வைத்துத் தொடச் சொல்லுங்கள். இடத்தை மாற்றி வைத்து மறுபடி கேளுங்கள். மறுநாள் காலையில் மறுபடியும். மூன்று வேளையும் அதே படத்தைத் தொட்டால் அவர் சொல்வது உறுதியாகிவிடுகிறது.

கேட்கும் நேரமும் முக்கியம். சாயங்காலத்துக்கு மேல் களைப்பில் குழப்பம் கூடும். கண்ணாடி போட்டிருக்கிறாரா, காதுக் கருவி இருந்தால் அதில் பேட்டரி இருக்கிறதா, டிவி ஓடுகிறதா என்றெல்லாம் பாருங்கள். திடீரென்று ஒரு நாள் ஆளே மாறின மாதிரி உளறினால் அதை மறதிக் கணக்கில் சேர்க்காதீர்கள். சிறுநீரில் கிருமி, ரத்தத்தில் சோடியம் குறைவு, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். சரியானதும் தெளிவு திரும்பக்கூடும். அந்தக் குழப்பமான நாட்களில் அவரிடம் எந்தச் சம்மதமும் வாங்கக் கூடாது, கைநாட்டும் வாங்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டிருந்தீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல சிகிச்சைக்கானது. ஆனாலும் ஒருவரால் முடிவெடுக்க முடியுமா என்று பார்க்க அதன் 4ஆவது பிரிவு தரும் அளவுகோல் மற்ற சிகிச்சைகளை யோசிக்கும்போதும் உதவும். சொல்லப்படும் விவரத்தைப் புரிந்துகொள்கிறாரா, ஒரு முடிவை எடுத்தாலோ எடுக்காமல் விட்டாலோ என்ன ஆகும் என்று உணர்கிறாரா, தன் முடிவைப் பேச்சாலோ முகபாவத்தாலோ சைகையாலோ வேறு எந்த விதத்திலோ தெரிவிக்கிறாரா என்பதுதான் அங்கே கேள்வி. சைகை போதும் என்று சட்டமே சொல்கிறது. அவருக்குப் புரியும் எளிய மொழியில், தேவைப்பட்டால் படம் காட்டி, விவரத்தைச் சொல்ல வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் பிரிவில் எனக்கு மிகவும் பிடித்த வரி இன்னொன்று: ஒருவர் எடுக்கும் முடிவு மற்றவர்களுக்குத் தவறாகப் படுகிறது என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று ஆகிவிடாது. நம் வீடுகளில் நடப்பது நேர்மாறாக இருக்கிறது. டாக்டர் சொன்னதற்குப் பெரியவர் தலையாட்டினால் "நல்லா தெளிவா இருக்கார்". மறுத்தால் "மூளை குழம்பிடுச்சு".

அப்புறம், முடிவெடுக்கும் திறன் மொத்தமாக இருப்பதும் மொத்தமாகப் போய்விடுவதும் இல்லை. வீட்டை எழுதிக் கொடுப்பதன் பின்விளைவு புரியாத ஒருவருக்கு, மூக்கில் குழாய் வேண்டுமா, எந்த நேரத்தில் குளிக்கலாம், யார் தன்னைத் துடைத்துவிடலாம் என்பதெல்லாம் நன்றாகவே தெரியும். ஒவ்வொரு முடிவையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டார் என்பதற்காக எல்லாவற்றையும் பறித்துக்கொள்ள முடியாது.

பெற்றவர், பிள்ளை, கணவன், மனைவி யாராக இருந்தாலும், சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய ஒரு பெரியவருக்குப் பதிலாகச் சம்மதம் கொடுக்க முடியாது. உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் இதை அழுத்தமாகச் சொன்னது. 44 வயதுப் பெண் ஒருவர், லேப்ராஸ்கோப்பி மூலம் உள்ளே பார்த்துச் சோதிப்பதற்காகத்தான் சம்மதித்திருந்தார். மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அம்மாவின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். உடனே செய்யாவிட்டால் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்ற நிலை அங்கே இல்லை, நினைவு திரும்பும்வரை காத்திருந்து அவரையே கேட்டிருக்க முடியும். எடுத்தது மருத்துவ ரீதியில் சரியான முடிவா என்பது வேறு கேள்வி. நீங்கள் கையெழுத்துப் போட்டால் ஆஸ்பத்திரியில் ஃபாரத்தை வாங்கிக்கொள்வார்கள்தான். அதனாலேயே அது அப்பாவின் சம்மதம் ஆகிவிடாது.

இனி அந்தக் கட்டிய கை. உங்கள் கேள்வியில் என்னை அதிகம் உறுத்தியது இதுதான். வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. அவருக்கு மிச்சமிருப்பது அந்த இடது கை ஒன்றுதான். வேண்டும் என்று காட்ட, வேண்டாம் என்று தள்ள, அரிக்கும் இடத்தைச் சொறிய, இரவில் உங்களைக் கூப்பிடக் கட்டிலைத் தட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான். அதைக் கட்டினால் வாயையும் சேர்த்துக் கட்டியது போலத்தான். கட்டப்பட்டவருக்குப் பதற்றம் கூடும், இழுத்து இழுத்து மணிக்கட்டில் தோல் உரியும், திரும்பிப் படுக்க முடியாமல் முதுகில் புண் வரும். பாதுகாப்புக்காகக் கட்டுகிறோம் என்ற பேச்சு என்ன விலை கேட்கும் என்பதை நம் ஊர் ஒரு முறை பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோயாளிகளை எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017 சட்டம் தடை போட்டிருக்கிறது. உடல்ரீதியாகக் கட்டுப்படுத்துவது கூட, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் நீளாமல்தான் நடக்க வேண்டும். வீட்டில் ஒரு துணியை வைத்துத் தினமும் ராத்திரி கட்டுவதை யாரும் கண்காணிப்பதில்லை. கண்காணிப்பு இல்லை என்பதால்தான் இன்னும் கவனம் வேண்டும் என்கிறேன்.

குழாயை ஏன் பிடுங்குகிறார் என்று யாராவது பார்த்தீர்களா? மூக்கு நுனியில் பிளாஸ்டர் ஒட்டிய இடம் புண்ணாகியிருக்கலாம். குழாய் ஒரே பக்கமாக அழுத்திக்கொண்டிருக்கலாம். வாய் வழியாக எதுவும் போகாததால் நாக்கு வறண்டு தொண்டை எரியும். அந்த எரிச்சலில் கை தானாக மூக்குக்குப் போகும். தினமும் இரண்டு மூன்று வேளை ஈர ஸ்பாஞ்சால் வாயைத் துடைத்து உதட்டில் வாஸ்லின் தடவுங்கள். பிளாஸ்டர் ஒட்டும் இடத்தை மாற்றுங்கள். ராத்திரி டூட்டி பார்க்கும் அக்காவிடம் கட்டிலின் இடது பக்கம் உட்காரச் சொல்லுங்கள், கையில் பிடித்துக்கொள்ள ஒரு சின்னத் துண்டு கொடுங்கள். மிகவும் தேவைப்பட்டால் கொஞ்ச நேரத்துக்கு மென்மையான கையுறை. இவ்வளவும் செய்த பிறகும் பிடுங்கினால், அதை வேண்டாம் என்ற பதிலாகவே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

வயிற்றுக் குழாய் விஷயத்தில் இப்போது அவசரம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்குவதில் வரும் சிரமம் பலருக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் தேறும். கடைசியாக எப்போது விழுங்கும் சோதனை செய்தார்கள் என்று கேளுங்கள். ஒரு மாதத்துக்கு முன் என்றால் மறுபடி செய்யச் சொல்லுங்கள். கஞ்சியைக் கெட்டியாக்கி, நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையை லேசாகக் கீழே குனியச் செய்து, சிறு கரண்டியில் கொடுத்தால் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

இன்னும் விழுங்க முடியவில்லை என்றால் டாக்டர் அப்பாவிடமே பேச வேண்டும். குழாய் வைத்தால் என்ன நன்மை, என்ன தொல்லை, வைக்காமல் வாய் வழியே கொடுத்தால் புரை ஏறி நிமோனியா வர எவ்வளவு வாய்ப்பு, பிறகு குழாய் வேண்டாம் என்றால் எடுத்துவிடலாமா என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வயிற்றுக் குழாயை எடுத்துவிட முடியும் என்பது பலருக்குத் தெரியாது. வாழ்நாள் முழுக்க அதுதான் என்று பயந்து மறுப்பவர்கள் உண்டு. மூக்கில் இருப்பது போய்விடும், சட்டைக்குள் மறைந்திருக்கும், தேறினால் எடுத்துவிடலாம் என்று தெரிந்தால் உங்கள் அப்பா ஒத்துக்கொள்ளவும் கூடும். எல்லாம் புரிந்த பிறகும், ஆபத்து இருந்தாலும் பரவாயில்லை, வாயாலேயே சாப்பிடுகிறேன் என்றால் அதைச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. அப்படிச் சொன்னால் கைவிட்டுவிடுவது என்று அர்த்தமில்லை. எதைக் கொடுத்தால் ஆபத்து குறைவு, மூச்சுத் திணறினால் வீட்டில் என்ன செய்வது, மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக விரும்புகிறாரா என்று திட்டம் போட வேண்டும். வலி நிவாரண ஆதரவு சிகிச்சைக் குழு இருக்கும் ஆஸ்பத்திரி என்றால் அவர்கள் இதில் கைதேர்ந்தவர்கள்.

ரிவ்யூவுக்குப் போகும்போது ஒன்று செய்யுங்கள். ஓபி அறைக்குள் போனதும் சக்கர நாற்காலியை டாக்டரின் மேஜைக்கு நேராக நிறுத்துங்கள், நீங்களும் அண்ணனும் பின்னால் நில்லுங்கள். வழக்கமாக நடப்பது என்னவென்றால், நாற்காலி சுவரோரம் நிற்கும், பிள்ளை மேஜைக்கு முன்னால் உட்காரும், டாக்டர் பிள்ளையைப் பார்த்து "அப்பா தூங்கறாரா? மோஷன் போறாரா?" என்பார். ஒரு முதியவரின் மலத்தைப் பற்றி அவர் காது கேட்க மூன்று பேர் பேசுவார்கள், அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். டாக்டர் கெட்டவர் இல்லை, வெளியே அறுபது பேர் நிற்கிறார்கள். "டாக்டர், அப்பாவுக்குப் புரியும், நேரம் எடுப்பார், அவர்கிட்டயே கேளுங்க" என்று நீங்கள் முதல் வாக்கியமாகச் சொன்னால் அநேகமாகக் கேட்பார்கள். கேள்விகளை முன்கூட்டியே அப்பாவோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றுக்கும் நகல் கேட்கலாம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நெறிமுறை விதி.

ஊருக்குப் போவது பற்றி. ஊரில் யார் இருக்கிறார்கள், வீட்டில் படி எத்தனை, கழிப்பறை வீட்டுக்குள்ளேயா, பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி என்ற உங்கள் கவலைகள் எல்லாம் நியாயமானவை. ஆனால் அவை, போவதென்றால் எப்படிப் போவது என்பதற்கான கேள்விகள். "வேண்டாம்ப்பா, இங்கதான் வசதி" என்று மூடிவிடுவதற்கு முன், ஒரு வாரம் போய்த் தங்கிப் பார்க்கலாமே. அவர் கேட்பது ஊரா, அல்லது காலையில் வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதா என்பதும் தெரிந்துவிடும். உங்கள் சிரமமும் இதில் உண்டு. ஊரில் வந்து உட்கார யாருக்கும் முடியாது என்றால் அதை அவரிடம் உள்ளபடியே சொல்லுங்கள். "இந்த மாசம் முடியாதுப்பா, பொங்கலுக்குப் போகலாம்" என்ற உண்மையான பதிலைத் தாங்கும் திராணி அவருக்கு இருக்கிறது. "நாளைக்குப் போகலாம்" என்று தினமும் சொல்லி ஏமாற்றுவதுதான் ஆளை உடைக்கும்.

வீட்டை எழுதி வாங்கும் பேச்சு. இதை இப்போது செய்யாதீர்கள் என்று அண்ணனிடம் சொல்லுங்கள், அவருடைய நன்மைக்காகவும்தான். எழுதிக் கொடுக்கும் நேரத்தில் தெளிந்த மனநிலை இருக்க வேண்டும் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆவது பிரிவு. குழப்பத்தில் இருக்கிறார் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும் மாதத்தில் பதிவான பத்திரத்தை நாளை நீங்களோ வேறு யாரோ கோர்ட்டில் கேள்வி கேட்க முடியும். பவர், அதாவது அவர் சார்பில் செயல்படும் அதிகாரத்தை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றும் சிலர் சொல்வார்கள். எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்துவிட்டால் பவர் பத்திரம் அத்தோடு முடிந்துவிடும், அதே சட்டத்தின் 201ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அப்பா தேறி, அவராகவே யாருக்காவது எழுதிக் கொடுக்க விரும்பினால் அது வேறு. அப்போதும், உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடும் செட்டில்மெண்டை விட உயில் அவருக்குப் பாதுகாப்பு, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட்தான் என்றால், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். அப்படி எழுதி, பிறகு பார்க்காமல் விட்டால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலச் சட்டத்தின் 23ஆவது பிரிவின் கீழ் அதை ரத்து செய்யக் கேட்கலாம். தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் இதை விசாரிக்கிறது. அவருடைய பென்ஷன் அவருடையது. ஏடிஎம் கார்டு உங்கள் கையில் இருந்தாலும் மாதம் என்ன வந்தது, எதற்குப் போனது என்று ஒரு நோட்டில் எழுதி அவரிடம் காட்டுங்கள். ஆசிரியராக இருந்தவர், கணக்குப் பார்ப்பார்.

சரி, சோதித்துப் பார்த்து, இந்தக் குறிப்பிட்ட முடிவை அவரால் எடுக்க முடியவில்லை என்றே தெரிந்தால்? அப்போதும் உங்கள் விருப்பத்துக்கு முடிவெடுக்க முடியாது. முன்பு என்ன சொல்லிவந்தார் என்பதைத் தேடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வெண்டிலேட்டரில் கிடந்தபோது என்ன சொன்னார், உங்கள் அம்மாவின் கடைசி நாட்களில் எதற்கு ஒத்துக்கொண்டார், எதற்கு வேண்டாம் என்றார் என்று நீங்களும் அண்ணனும் அவருடைய பழைய நண்பர்களும் உட்கார்ந்து பேசினால் நிறைய வரும். இன்றைக்கு அவர் முகம் எதற்குச் சுளிக்கிறது, எதற்கு மலர்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும்.

தேறி வந்தால் லிவிங் வில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். தேற வழியே இல்லை என்ற நிலை வந்தால் எந்த உயிர்காப்புச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் பத்திரம் அது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று இதை அனுமதித்தது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்ததால் பெரும்பாலானவர்களுக்கு எட்டாமல் இருந்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கிவிட்டார்கள். இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டெட் அதிகாரி, அவ்வளவு போதும். தன் சார்பில் பேச ஒருவருக்கு மேற்பட்டவர்களையும் அதில் குறிப்பிடலாம். பின்னாளில் அதைச் செயல்படுத்தும்போது ஆஸ்பத்திரியில் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும்; பிள்ளைகளில் ஒருவர் தனியாக எதையும் செய்துவிட முடியாது. நீங்களும் அண்ணனும் உங்களுக்கே கூட எழுதி வைக்கலாம்.

அண்ணன் மேல் கோபப்படாதீர்கள். இரண்டு மாதமாக வீட்டில் வைத்துப் பார்க்கிறவர் அவர், தூக்கம் இல்லாமல் இருப்பார். "அப்பாகிட்ட கேட்கணும்" என்று நீங்கள் போனில் சொல்வது அவருக்குக் குற்றச்சாட்டாகக் கேட்கும். நேரில் போய் இரண்டு ராத்திரி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கையைக் கட்டாமல் ஒரு ராத்திரி எப்படிப் போகிறது என்று நீங்களே பார்த்தபின் பேசினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். படங்களை வைத்து அப்பாவிடம் கேட்கும்போது அண்ணனையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். நடுவில் பேச ஆள் வேண்டுமென்றால் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது, ஆலோசனை இலவசம்.